ரிசார்ட் வாடகையைக் குறைத்தாயிற்று, இனி ஒப்பந்தத்தில் எதைப் பேசுவது?

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் அட்மின் பிரிவில் இருப்பவர் கேட்டிருக்கிறார். டிசம்பர் முதல் வாரத்தில் வெள்ளி, சனி இரண்டு இரவுகள், மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் டீலர் மீட். 120 டீலர்கள், இருவருக்கு ஓர் அறை என்று 60 அறைகள். அறைக்கு ஓர் இரவுக்கு 9,500 ரூபாய் கேட்டவர்கள் காலை உணவோடு 8,200-க்கு இறங்கி வந்திருக்கிறார்கள். இரண்டு மதிய விருந்து, ஒரு சாதாரண டின்னர், ஒரு காலா டின்னர் (ஆடம்பரமான பெரிய விருந்து) எல்லாம் சேர்த்துத் தலைக்கு 6,800. 14 பக்க ஒப்பந்தம் மெயிலில் வந்திருக்கிறது. "இன்னும் ஒரு 200 குறைக்கச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடு" என்கிறார் எம்.டி. வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்பது கேள்வி.

ஒன்பது வருடம் ஹோட்டல் சேல்ஸில் இருந்து அறைகளை விற்றேன். இப்போது கம்பெனிகளுக்காக அதே அறைகளை வாங்கிக் கொடுக்கிறேன். விற்ற காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாடிக்கையாளர், ரேட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான். அவருக்கு 300 ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு, பாக்கிப் பக்கங்களை எங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வோம். அவரும் சந்தோஷமாகப் போவார்.

ஒரு கணக்குப் போடுவோம். அறைக்கு 200 ரூபாய் குறைந்தால், 60 அறை, 2 இரவு, மொத்தம் 24,000 மிச்சம். சரி. இப்போது உங்கள் 120 டீலரில் 97 பேர்தான் வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நடக்காத கதை இல்லை. "கண்டிப்பா வர்றேன்" என்று போனில் சொன்ன எல்லா டீலரும் வந்து சேர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. அதுவும் கார்த்திகை, முகூர்த்த மாதம். யாருக்காவது மச்சினன் கல்யாணம் இருக்கும். 97 பேருக்கு 49 அறை போதும். மிச்சம் 11 அறை, இரண்டு இரவு, 8,200 வீதம் 1,80,400 ரூபாய். வராத 23 பேரின் சாப்பாடு, 6,800 வீதம் 1,56,400. இரண்டும் சேர்ந்து 3,36,800, வரி தனி. உங்கள் ஒப்பந்தத்தில் "குறைந்தபட்ச உத்தரவாதம் 120 பேர், உத்தரவாதம் அல்லது உண்மை எண்ணிக்கை, எது அதிகமோ அது" என்று ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். அந்த ஒரு வரியின் விலைதான் இந்த மூன்றே கால் லட்சத்துக்கு மேற்பட்ட பணம். பேச வேண்டியது அங்கேதான்.

அறைகளுக்கு முதலில். 60 என்று கையெழுத்துப் போட்டாலும், படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும் உரிமையை எழுதி வாங்குங்கள். நான் வழக்கமாகக் கேட்பது: 45 நாளுக்கு முன் 20 சதவீதம் வரை, 21 நாளுக்கு முன் மேற்கொண்டு 10 சதவீதம், 7 நாளுக்கு முன் இன்னும் 5 சதவீதம், எதற்கும் கட்டணம் இல்லாமல். முதல் பேச்சில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 15, 10, 3 என்று வந்து நின்றாலே நல்ல வியாபாரம். கூடவே ஒரு வரி: நாம் விட்ட அறையை ஹோட்டல் வேறு யாருக்காவது விற்றுவிட்டால் அதற்கு நம்மிடம் பணம் கேட்கக் கூடாது. டிசம்பர் சனிக்கிழமை ஈ.சி.ஆரில் அறை காலியாகக் கிடப்பது அபூர்வம். உங்கள் 11 அறையில் 8 அறையை அன்று மாலையே ஆன்லைனில் உங்கள் ரேட்டை விட அதிகத்துக்கு விற்றிருப்பார்கள், உங்களிடமும் வாங்கியிருப்பார்கள். நாங்களே செய்திருக்கிறோம்.

சட்டமும் இதில் கொஞ்சம் உங்கள் பக்கம்தான். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகை ஓர் உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில், நஷ்டமே ஆகாத இடத்தில் முன்பணத்தைப் பறித்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இதை நம்பிக் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். மூன்று லட்சத்துக்காக எந்தக் கம்பெனியும் வழக்குப் போடுவதில்லை, அது ஹோட்டலுக்கும் தெரியும். பேச்சுவார்த்தையில் "மறுபடி விற்ற அறைக்கு ஏன் இரண்டு தடவை பணம்?" என்று கேட்கும்போது, அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பிரிவு இருக்கிறது என்ற தைரியத்துக்கு மட்டும்.

அடுத்து சாப்பாடு. இதில் உத்தரவாத எண்ணிக்கையை எப்போது சொல்ல வேண்டும் என்பதைத்தான் பேச வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே 120 என்று எழுத வைப்பார்கள். மறுத்துவிடுங்கள். "இப்போதைக்கு 95, இறுதி எண்ணிக்கை 72 மணி நேரத்துக்கு முன் மெயிலில்" என்று மாற்றுங்கள். எந்த பான்க்வெட் (விருந்து) கிச்சனும் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகத்தான் சமைக்கும். அந்தக் கூடுதல் எத்தனை சதவீதம் என்று கேட்டு அதையும் எழுதி வாங்குங்கள். 105 பேர் வருவார்கள் என்று தோன்றினால் 97 சொல்லுங்கள். கூட வந்தவர்களுக்கு அதே பிளேட் ரேட்டில் பில் போட்டால் போதும். குறைவாகச் சொல்லிவிட்டுக் கூட்டுவதில் நஷ்டமில்லை; கூடச் சொல்லிவிட்டுக் குறைக்கவே முடியாது.

பிளேட்டை எப்படி எண்ணுகிறார்கள் என்பதைக் கிட்டத்தில் நின்று ஒரு தடவை பார்க்க வேண்டும். பஃபே தொடங்குவதற்கு முன் அடுக்கில் எத்தனை பிளேட் என்று பரிமாறுபவர்களின் தலைவரான கேப்டன் எண்ணி வைப்பார். முடிந்ததும் மிச்சத்தை எண்ணுவார். கழித்தால் வருவதுதான் பில். ஆனால் நம் ஆட்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள்? முதலில் ஒரு பிளேட்டில் சாலட்டும் ஸ்டார்டரும். அதைக் கீழே வைத்துவிட்டுப் புதுப் பிளேட்டில் பிரியாணி. கடைசியில் தயிர் சாதத்துக்கு இன்னொன்று. ஒரு வருடம், ஒரு ஹோட்டலில், 88 பேர் உட்கார்ந்திருந்த ஹாலுக்கு 131 பிளேட் என்று பில் வந்தது. பெயர் வேண்டாம். அன்று மேற்பார்வை பார்த்தவன் நான்தான், எண்ணும்போது பக்கத்தில் இல்லாதது என் தப்பு. அதற்கப்புறம் ஒப்பந்தத்திலேயே "கணக்கு தலைக்கு, பிளேட்டுக்கு அல்ல, டோக்கன் முறை" என்று எழுத ஆரம்பித்தேன். பேட்ஜில் நான்கு கிழிக்கும் டோக்கன், வாசலில் ஒரு ஆள். ஒவ்வொரு வேளையும் முடிந்த கையோடு எண்ணிக்கைத் தாளில் இரண்டு பேரும் கையெழுத்து. மறுநாள் காலை பேசினால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

டிரைவர்களை மறந்துவிடாதீர்கள். கோவை, ஈரோடு டீலர்கள் ரயிலில் வந்தாலும் சேலம், விழுப்புரம், வேலூர்க்காரர்கள் காரில்தான் வருவார்கள். 25 கார் என்றால் 25 டிரைவர். அவர்களுக்கு எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை, என்ன விலை என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால், ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்களும் காலா டின்னர் வரிசையில் 2,400 ரூபாய் பிளேட்டோடு நிற்பார்கள். நிற்பதில் தப்பில்லை, பசிக்குமே. பெரும்பாலான ரிசார்ட்டுகளில் டிரைவர் சாப்பாட்டுக்கென்று தனியாக ஒரு ரேட் இருக்கும். ஊழியர் கேன்டீனில் போடுவார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

இப்போது தேதி. எம்.டி.க்கு உண்மையிலேயே ரேட் குறைய வேண்டும் என்றால் அதைத் தேதியில்தான் வாங்க முடியும். கடற்கரை ரிசார்ட்டுக்கு வெள்ளி, சனிதான் அறுவடை. ஞாயிறு மதியம் சென்னைக் குடும்பங்கள் எல்லாம் காலி செய்துவிட்டுக் கிளம்பினால், வியாழன் வரை நீச்சல் குளத்தில் தண்ணீர்தான் இருக்கும். அறை கொடுப்பதா வேண்டாமா, எவ்வளவுக்கு என்று முடிவெடுப்பவர் உங்களிடம் பேசும் சேல்ஸ் மேனேஜர் இல்லை. உள்ளே ரெவென்யூ மேனேஜர் என்று ஒருவர் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "மேலே கேட்டுச் சொல்றேன் சார்" என்பது பல நேரம் நாடகமில்லை. அந்த மனிதருக்கு ஞாயிறு, திங்கள் இரவுகளில் 60 அறை நிரம்புவது என்பது தீபாவளி. அதே 8,200-ஐ 7,000 என்று பேச அங்கே இடம் இருக்கிறது. டீலர்களுக்கு ஞாயிறு கடை லீவு, திங்கள் ஒரு நாள்தான் முழுசாகப் போகும் என்று எம்.டி.யிடம் சொல்லிப் பாருங்கள். (சென்னை நகரத்துக்குள் இருக்கும் பிசினஸ் ஹோட்டல்களில் இது அப்படியே தலைகீழ்: செவ்வாய், புதன் நிரம்பி வழியும், வெள்ளிக்கிழமை கெஞ்சுவார்கள்.)

அடுத்த வருடத்துக்கு யோசிப்பதாக இருந்தால் ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, ஹால்கள் ஈயாடும். துணிக்கடைக்காரர்கள் போர்டு மாட்டிச் சொல்வதை ஹோட்டல்காரர்கள் சொல்லாமல் செய்வார்கள், ஆடித் தள்ளுபடி அங்கேயும் உண்டு. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஹால் வாடகை என்ற பேச்சையே எடுக்க விடக்கூடாது. மார்கழியிலும் கல்யாணம் இல்லைதான், ஆனால் அது கிறிஸ்துமஸ், புத்தாண்டு சீசனில் மாட்டிக்கொள்கிறது. அந்தக் கணக்கு கடற்கரையில் செல்லாது.

வரிக்கு வருவோம். இங்கே பலர் கோட்டை விடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் 18. உங்கள் 8,200-க்கு வரி 1,476, ஆக 9,676 ரூபாய். அதே அறை 7,500 என்றால் வரி 375, ஆக 7,875. ஹோட்டல் விட்டுக்கொடுப்பது 700, உங்கள் கையிலிருந்து போகாமல் நிற்பது 1,801. 60 அறை, இரண்டு இரவு, ஆக 120 அறை-இரவுகளுக்கு 2,16,120. எம்.டி. கேட்கும் 200-க்குப் பதிலாக இந்த 700-ஐக் கேளுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆனால் இரண்டு விஷயம். அறை வரியை உங்கள் கம்பெனி உள்ளீட்டு வரி வரவாக (அதாவது தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுத்துக்கொள்ள முடியும் என்றால் உண்மையான லாபம் அந்த 700 மட்டும்தான், மிச்சம் எப்படியும் பின்னால் திரும்பி வரும் பணம்தான். டீலர்களைத் தங்க வைத்ததற்கு எடுக்கலாமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, 5 சதவீத அறைக்கு ஹோட்டல் தன் செலவுகளின் மேல் வரி வரவு எடுக்க முடியாது. அதனால் 7,500 என்றதும் முகம் சுளிப்பார்கள். அது நடிப்பில்லை, நிஜமாகவே அவர்களுக்குக் கை கடிக்கும்.

சாப்பாட்டுக்கு இந்தக் கதை கிடையாது. அறை வாடகை 7,500-ஐத் தாண்டும் ஹோட்டலின் உணவுக்கு 18 சதவீதம், அதை வரவு எடுக்கவும் பொதுவாக முடியாது, சட்டமே தடுத்திருக்கிறது. தலைக்கு 6,800, 120 பேர், 8,16,000 ரூபாய். அதன் மேல் 1,46,880 வரி முழுக்க உங்கள் செலவு. ஆகவே "தலைக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து" என்று ஒரே தொகையாக பேக்கேஜ் கொடுத்தால் வாங்காதீர்கள். அறை, உணவு, ஹால், ஒலி-ஒளி என்று தனித்தனியாக, வரியோடு எழுதச் சொல்லுங்கள். எதை எங்கே குறைப்பது என்று அப்போதுதான் தெரியும்.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. "மாமல்லபுரம் வேண்டாம், பாண்டிச்சேரி போலாம், சரக்கு விலை கம்மி" என்று யாராவது ஒரு சேல்ஸ் ஹெட் கிளப்பிவிடுவார். அறை வரி, ஹோட்டல் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க் கணக்கில் போகும். புதுச்சேரி ஹோட்டல் போடும் வரியைத் தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்த கம்பெனி வரவு எடுக்க முடியாது. பாட்டிலில் மிச்சம் பிடித்ததை வரியில் விட்டுவிடுவீர்கள்.

சரக்கு என்றதும் ஞாபகம். மது ஜி.எஸ்.டி.யில் வராது, மாநில வாட் தனி. அதைத் தனி பில்லாக வாங்குங்கள். "இரண்டு மணி நேரம் அன்லிமிடெட், தலைக்கு இவ்வளவு" என்ற பேக்கேஜை 120 பேருக்கும் போட்டுவிடாதீர்கள். டீலர் கூட்டத்தில் குடிக்காதவர்கள் கணிசம், மாலை போட்டவர்கள் கார்த்திகையில் இன்னும் அதிகம். குடித்த அளவுக்கு பில் என்பதே நல்லது. ஹோட்டலின் உரிமம் எந்த இடத்தில் பரிமாற அனுமதிக்கிறது, புல்வெளியிலா, பாரில் மட்டுமா என்று கேளுங்கள். தேதியை ஜனவரிக்குத் தள்ளினால் திருவள்ளுவர் தினமும் குடியரசு தினமும் மது விற்பனை இல்லாத நாட்கள். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் அப்படித்தான்.

புயல். டிசம்பர் முதல் வாரத்தில் கடற்கரையில் கூட்டம் வைப்பவர் இந்தப் பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம்: சென்னை விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர், ரயில்கள் ரத்து. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல்: புதுச்சேரி அருகே கரை கடந்தது, அன்றும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. இரண்டு வருடமும் கிட்டத்தட்ட நீங்கள் குறித்திருக்கும் அதே வாரம். ஹோட்டல் ஒப்பந்தங்களில் இயற்கைச் சீற்றப் பிரிவு ஒன்று இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் ஹோட்டலைக் காப்பாற்ற எழுதியது. "சேவை வழங்குவது இயலாமல் போனால்" என்று இருக்கும். ரிசார்ட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது, கிச்சன் திறந்திருக்கிறது, அறை தயார். உங்கள் டீலர்கள்தான் காட்பாடியில் நின்றுபோன ரயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வாசகப்படி சேவை வழங்குவது இயலும். நீங்கள் முழுப் பணம் கட்ட வேண்டும்.

ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு காப்பாற்றுமா என்றால், செய்யவே முடியாத நிலைக்குத்தான் அது உதவும்; சிரமமாகிவிட்டது, செலவாகிவிட்டது என்பதற்கெல்லாம் உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தவிர, ஒப்பந்தத்திலேயே இதற்கொரு பிரிவு இருந்தால் அதன் வாசகம்தான் பேசும். அதனால் வாசகத்தை மாற்றுங்கள். நான் எழுத வைப்பது ஏறக்குறைய இப்படி: "நிகழ்ச்சித் தேதியிலோ அதற்கு முந்தைய நாளிலோ செங்கல்பட்டு அல்லது சென்னை மாவட்டத்துக்கு வானிலை ஆய்வு மையம் ரெட் அலர்ட் கொடுத்தாலோ, விமானம், ரயில், சாலை தடைபட்டு 30 சதவீதத்துக்கு மேற்பட்ட விருந்தினர் வர முடியாமல் போனாலோ, கட்டிய முழுத்தொகையும் 9 மாதத்துக்குள் வேறு தேதிக்கு, அதே ரேட்டில், மாற்றித் தரப்படும்." பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுப்பார்கள். வேறு தேதி என்றால் அரை மணி நேரத்தில் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் பணம் அவர்களிடமே இருக்கிறது. "அதே ரேட்டில்" என்ற இரண்டு சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வந்து இறங்கும் நேரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சேரன், நீலகிரி ரயில்கள் காலையில் சென்ட்ரலில் இறக்கிவிடும். பஸ் வைத்து அழைத்து வந்தால் ஒன்பது மணிக்கெல்லாம் 50 பேர் பெட்டியோடு ரிசார்ட் லாபியில். செக்-இன் மதியம் இரண்டு மணி. முதல் நாள் வியாழன் இரவு தங்கியவர்கள் பதினொன்றுக்குத்தான் காலி செய்வார்கள். 50 பேரும் ராத்திரி ரயிலில் வந்தவர்கள். பல் தேய்க்க வேண்டும், குளிக்க வேண்டும். லாபி டாய்லெட் வாசலில் டவலோடு கியூ நிற்கும் டீலர்தான் அடுத்த வருடம் முழுக்க உங்கள் கம்பெனியைப் பற்றிப் பேசப்போகிறவர். ஆகவே "காலை 9 மணிக்கு 15 அறைகள், கட்டணமின்றி, குளித்துத் தயாராவதற்கு" என்று எழுதி வாங்குங்கள். அறைக்கு மூன்று, நான்கு பேர் வீதம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த வேளைக் காலை உணவு பில்லில் வருமா என்பதையும் சேர்த்து.

இரண்டு பேருக்கு ஓர் அறை என்பதில், முன்பின் தெரியாத இரண்டு டீலர்களை ஒரே கட்டிலில் போட முடியாது. 60 அறையில் எத்தனை அறைக்குத் தனித்தனிக் கட்டில் என்று எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். "கிடைப்பதைப் பொறுத்து" என்று எழுதினால், கிடைக்காது என்று அர்த்தம்.

ஹாலுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு ஹால் தருவார்கள், ஒன்பதரைக்கு உங்கள் நிகழ்ச்சி, எல்.இ.டி. திரை கட்ட ஐந்தாறு மணி நேரம் வேண்டும். முதல் நாள் ராத்திரி அங்கே ரிசப்ஷன் இருந்தால் உங்கள் ஆட்கள் நள்ளிரவுக்கு மேல்தான் உள்ளே போக முடியும். முந்தைய இரவு பத்து மணியிலிருந்து ஹால் நம் வசம் என்று எழுதுங்கள். பக்கத்து ஹாலில் அன்று என்ன நிகழ்ச்சி என்று கேளுங்கள். மடக்குச் சுவருக்கு அந்தப்புறம் செண்டை மேளம், இந்தப்புறம் எம்.டி. புது மாடல் மோட்டாரின் செயல்திறனை விளக்குகிறார் என்ற காட்சியை நான் பார்த்திருக்கிறேன். அதே நாளில் இன்னொரு பம்ப் கம்பெனிக்கு இடம் தரமாட்டோம் என்ற வரியும் கேட்கலாம், காசு செலவில்லாத சலுகை, உடனே கொடுப்பார்கள். வெளியாள் ஒலி-ஒளி, அலங்காரம் கொண்டுவந்தால் ஹோட்டலுக்கு ஏதாவது கட்டணம் உண்டா, மின்சாரத்துக்கு எவ்வளவு என்பதை இப்போதே கேளுங்கள். புல்வெளியில் டி.ஜே. என்றால் இரவு பத்தோடு சரி, திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு விதி அவ்வளவுதான். உள் ஹாலை இருப்பில் வைத்துக்கொண்டு பத்துக்கு மேல் அங்கே மாற்றுங்கள். மழைக்கும் அதுவே மாற்று ஏற்பாடு, அதற்குத் தனி வாடகை கூடாது.

சலுகைகள் கேட்கும்போது ஹோட்டலுக்குச் செலவு வைக்காதவற்றைக் கேளுங்கள், மனதாரத் தருவார்கள்: 25 அறைக்கு ஒன்று இலவசம், எம்.டி.க்கும் முதல் மூன்று டீலர்களுக்கும் நல்ல அறை, கிளம்பும் நாள் மூன்று மணி வரை சில அறைகள். உங்கள் ஆள் முன்கூட்டியே வந்து பார்க்க ஓர் இரவு. நீச்சல் குளம், லிஃப்ட் எதுவும் அந்த வாரம் பராமரிப்பில் இருக்காது என்ற உறுதி. ஹோட்டல் தரப்பு ரத்து செய்தால் என்ன என்று ஒரு பிரிவும் வேண்டும். பெரிய கல்யாண பார்ட்டி முழு ரிசார்ட்டையும் கேட்டால் உங்கள் 60 அறை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் அதே தரத்தில் இடம், வண்டிச் செலவு, விலை வித்தியாசம் அவர்கள் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள்.

பில்லில், கம்பெனிக் கணக்கில் எது, டீலர் கணக்கில் எது என்று பிரித்துவிடுங்கள். டீலரைக் கவுன்டரில் நிறுத்தி "சார், ரெண்டு சட்டை சலவை 380" என்று கேட்பது அசிங்கம். மினி பாரைக் காலி செய்து வைக்கச் சொல்லுங்கள், சலவைக்கும் ரூம் சர்வீஸுக்கும் ஓர் உச்சவரம்பு வைத்துக் கம்பெனியே ஏற்றுக்கொள்ளட்டும். முன்பணம் ஹோட்டலின் வங்கிக் கணக்குக்கு மட்டும், 50-க்குப் பதில் 25 சதவீதம் இப்போது, 25 நிகழ்ச்சிக்கு 15 நாள் முன், பாக்கி பில் சரிபார்த்த பிறகு. உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். பில் அடித்த பிறகு மாற்றுவது பெரும்பாடு.

கடைசியாக ஒன்று. உங்களிடம் இப்போது இனிக்க இனிக்கப் பேசும் சேல்ஸ் மேனேஜர் டிசம்பரில் அந்த ஹோட்டலில் இருப்பார் என்று சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். நானே ஒன்பது வருடத்தில் நான்கு ஹோட்டல். "பார்த்துக்கலாம் சார்" என்று அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அன்றைக்கே ஒரு மெயிலாக அவருக்கு எழுதி, "சரி" என்று பதில் வாங்கி, ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் சேருங்கள். டிரைவர் சாப்பாடு உட்பட.